கொசுறுச் சுற்று

என் தங்கை கணவரின் உயிருக்குக் காப்பீட்டுக்காரர்கள் போட்டிருந்த விலையில் எங்கள் கடையை வாங்கலாம், பின்னாலிருக்கும் கிடங்கையும் சேர்த்து வாங்கலாம், மிச்சத்தில் இரண்டுக்கும் வெள்ளையடிக்கலாம். ஆள் இருந்தபோது அவ்வளவு பெறுவார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவரே ஒருமுறை, "மச்சான், என்னை எடைக்குப் போட்டா என்ன வரும்?" என்று கேட்டிருக்கிறார். "வாட்ச்சோடயா, வாட்ச் இல்லாமலா?" என்றேன். அதற்கு வயிறு குலுங்கச் சிரித்தார்.

விலை இருந்தால் நிபந்தனையும் இருக்கும். நிபந்தனை இல்லாமல் விலை சொல்கிறவனை எங்கள் தெருவில் சந்தேகப்படுவார்கள். ஹெலிகாப்டர் எழுதிக் கொடுத்த பாதையிலேயே வந்து, தானாகக் கெட்டு விழுந்திருந்தால் முழுத்தொகை. ஓட்டியவர் தன் இஷ்டத்துக்குப் பாதையை விட்டுத் திரும்பியிருந்தால் ஓர் அனுதாபக் கடிதம். கடிதத்தில் தபால்தலை அவர்கள் செலவு.

நாங்கள் இரும்புச் சாமான் வியாபாரிகள். ஆணி, கீல், தாழ்ப்பாள், குழாய். மாப்பிள்ளை வாத்தியார் வீட்டுப் பிள்ளை. கடைக்குப் போனால் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருவார். அப்படிப்பட்டவருக்குப் பெண் கொடுக்கலாமா என்று எங்கள் அப்பா ஒரு வாரம் தூங்கவில்லை. பிறகு மாப்பிள்ளை வங்கிக் கடனில் இரண்டு பேர் உட்காரும் ஒரு பழைய ஹெலிகாப்டரை வாங்கினார். அப்பா தூக்கத்தையே விட்டுவிட்டார்.

ஆனால் தொழில் நடந்தது. ஊர் விளிம்பில், மூடிப்போன செங்கல் சூளைக்குப் பக்கத்தில் ஒரு மைதானம், ஒரு தகரக் கொட்டகை. டிக்கெட் வாங்கியவரைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து ஊரை ஒரு வட்டம் காட்டி இறக்கிவிடுவார். கொட்டகைக்குள் ஒரு மேசையில் ரேடியோவும் டிக்கெட் கட்டும் வைத்துக்கொண்டு என் தங்கை. வண்டியைப் பிரித்து மாட்ட ஒரு மெக்கானிக். அவ்வளவுதான் கம்பெனி.

மெக்கானிக்கை எல்லோரும் நட்டு என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நட்டை முடுக்கினால் அதன் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்ந்தாற்போல் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு போடுவார். நட்டு மயிரிழை கழன்றாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். தொழிலில் எல்லோரும் செய்வதுதான். இவர் தன் சைக்கிளிலும் போட்டு வைத்திருந்தார்.

மாப்பிள்ளை எங்கள் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று என் தங்கை. இன்னொன்று கொசுறு.

எங்கள் கடையில் கால் கிலோ ஆணி கேட்டால் கால் கிலோ நிறுப்போம். முள் நின்ற பிறகு, வாடிக்கையாளர் பார்க்கும்படி, இன்னும் நாலு ஆணியை எடுத்துப் போடுவோம். அந்த நாலு ஆணிக்காகத்தான் ஆள் மறுபடி வருவான். அதன் விலையை முதலிலேயே கால் கிலோவில் ஏற்றி வைத்திருப்போம் என்பது வேறு விஷயம். மாப்பிள்ளைக்கு அந்த வேறு விஷயம் பிடிபடவில்லை. கொசுறை மட்டும் பிடித்துக்கொண்டார். புதிதாகப் பக்திக்கு வந்தவர்போல எங்களைவிட மும்முரமாக இருந்தார். ஊர் சுற்றி முடிந்து இறங்க வரும்போது, பயணியின் முகத்தைப் பார்த்து, "ஒண்ணு கொசுறு" என்று சொல்லி, மைதானத்துக்குப் பக்கத்தில் தாழ்வாக, மெதுவாக இன்னொரு சுற்று. பயணியின் வீடோ கடையோ பக்கத்தில் இருந்தால் அதன் மேல். கீழே இறங்கும்போது ஆள் ஏதோ ஏமாற்றி வாங்கிவிட்டவனைப்போலப் பூரித்துப்போய் இறங்குவான். இந்தச் சுற்று எந்தத் தாளிலும் கிடையாது.

விழுந்த அன்று நான் கடையில் இருந்தேன். கொட்டகைக்குப் பின்னால் எண்ணெய் டப்பா கழுவிக்கொண்டிருந்த நட்டு, சத்தம் மாறியதைக் கேட்டுத்தான் வெளியே வந்தார். சூளையின் புகைபோக்கிக்குப் பின்னாலிருந்து ஹெலிகாப்டர் வெளிப்பட்டபோதே பம்பரம்போலச் சுற்றிக்கொண்டிருந்ததாம். மூக்கு வலப்பக்கமாக, மறுபடி வலப்பக்கமாக. வால் புகைபோக்கியில் இடித்தது. அப்புறம் எல்லாம்.

பயணி கண்ணாடிக் கடைக்காரர். இடுப்பு முறிந்து பிழைத்துக்கொண்டார். மாப்பிள்ளை பிழைக்கவில்லை. வாலின் கடைசித் துண்டு, சூளைக்காரர்கள் மண் வெட்டிய பள்ளத்துத் தண்ணீரில் போய் விழுந்தது. மூங்கில் விட்டுத் துழாவினார்கள், பம்பு வைத்து இறைத்தார்கள். அந்தச் சேறு எங்கள் தெருக்காரர் மாதிரி, வாங்கியதைத் திருப்பித் தரவில்லை.

அடக்கமெல்லாம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். வாடகை நாற்காலிகளை நானே எண்ணித் திருப்பினேன், ஒன்று கூடுதலாக இருந்தது. யாருடையது என்று தெரியவில்லை. என் தங்கை அழவில்லை. நானும் அழவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தை நாமே தொட்டுப் பார்ப்போமே, அதைப்போல என் மனசை அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டேன். யாருடையதோ போலிருந்தது.

விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. கடுமையான ஜலதோஷம். கொட்டகையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருக்க, மேசையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து வைத்துக்கொண்டு விளக்கினார்.

"மேல சுத்தற பெரிய இறக்கை உடம்பை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும். அதைத் திரும்பவிடாம பிடிச்சு வைக்கிறதுதான் வால்ல இருக்கற சின்ன இறக்கையோட வேலை. இறங்க வரும்போது வேகம் கம்மி, எஞ்சினுக்கு வேலை ஜாஸ்தி. அந்த நேரம் பார்த்து முதுகுப்பக்கம் காத்து அடிச்சா வாலுக்குப் பிடி விட்டுப்போகும். மூக்கு திரும்ப ஆரம்பிச்சா நிக்காது." ஸ்டேப்ளர் மேசைமேல் சுழன்றது. மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உயரம் இருந்தா முன்னாடி பாய்ஞ்சு வேகம் எடுத்துத் தப்பிக்கலாம். அவருக்கு உயரம் இல்ல."

"காத்துக்கு எதிரா நேரா வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"அப்ப காத்து மேல பழி போட முடியாது. வாலுக்குப் போற இணைப்புல ஏதோ கழண்டிருக்கணும். ரெண்டும் வெளியிலிருந்து பார்த்தா ஒரே மாதிரிதான் இருக்கும். துண்டு கிடைச்சா சொல்லலாம். துண்டு இல்ல. அவர் நேரா வந்தாரா, திரும்பினாரா? அதைச் சொல்ல ஆள் வேணும்."

நட்டு பேசினார், யாரும் கேட்காமலேயே.

"வாலைக் கடைசியா பிரிச்சு மாட்டினது நான்தாங்க. எல்லா நட்டுக்கும் கோடு போட்டேன். உள்பக்கத்துல ஒண்ணு இருக்கும், கை வளைச்சுப் போடணும். அதுக்குப் போட்டேனா இல்லையான்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன். கையில பிரஷ் இருந்தது ஞாபகம் இருக்கு. போட்டது ஞாபகம் வரல."

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். பேனா தாளில் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் வியாபாரி. ஒரு மனிதன் தன் கழுத்தைத் தானே தராசுத் தட்டில் எடுத்து வைத்தால், எதிர்த்தட்டில் என்ன ஏறுகிறது என்று கண் தானாகப் போகிறது. கழன்ற நட்டு என்றால் இயந்திரக் கோளாறு. இயந்திரக் கோளாறு என்றால் முழுத்தொகை. நட்டுக்கு லைசென்ஸ் போகும், வழக்கும் வரலாம்.

"ரேடியோவுல உங்க வீட்டுக்காரர் கடைசியா என்ன சொன்னார்?" என்று அதிகாரி தங்கையைக் கேட்டார்.

"தலை சுத்துது. அடுத்த தடவை சொல்றேனே" என்றாள் அவள்.

"வியாழக்கிழமை வர்றேன். எழுத்துல வேணும்."

நான் அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடிக் கடைக்காரர் மல்லாந்து படுத்திருந்தார். இடுப்பில் இரும்புச் சட்டம். தொழில் புத்தி, எத்தனை போல்ட் என்று பார்த்தேன். எனக்கும் அவருக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு. கண்ணாடிக் கதவுகளுக்குக் கீல் எங்களிடம்தான் எடுப்பார்.

"வாங்க. உக்காருங்க. ஆரஞ்சு சாப்பிடுங்க, ஆளாளுக்கு வாங்கிட்டு வந்து குவிச்சிருக்காங்க. கடையே போடலாம்."

"உடம்பு எப்படி இருக்கு?"

"உடைஞ்ச சரக்குத்தான், என்ன பண்றது. மாப்பிள்ளை விஷயம்... என்னத்தச் சொல்ல."

பேரத்தில் முதலில் வாய் திறப்பவனுக்குத்தான் நஷ்டம். ஆனால் எனக்குப் பொறுமை இல்லை.

"அந்த அம்மா வந்து கேட்டாங்களா? கடைசியில வண்டி எப்படி வந்ததுன்னு?"

"கேட்டாங்க. ஞாபகம் இல்லன்னுட்டேன்."

"நிஜமாவே இல்லையா?"

அவர் கூரையைப் பார்த்தார். "உங்க வீட்டுக்கு எது சௌகரியமோ அதுதான் எனக்கு ஞாபகம் இருக்கு."

"உங்க புது மாடி சூளைக்கு அந்தப் பக்கம்தானே?" என்றேன்.

"மாடி எங்கேயும் போகலையே. அங்கேயேதான் நிக்குது." ஓர் ஆரஞ்சை எடுத்து உரிக்கத் தொடங்கி, உரிக்காமல் வைத்துவிட்டார். "நான் டிக்கெட்ல வேற குறைச்சுத்தான் குடுத்தேன். எனக்கு ஞாபகம் இல்லாம இருக்கறதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது. போங்க, போய்த் தங்கச்சியைப் பாருங்க."

அவ்வளவு மலிவாக எனக்கு யாரும் எதுவும் தந்ததில்லை. படியிறங்கி வரும்போது கால் மரத்திருந்தது. உட்கார்ந்த இருக்கை அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பிற்பகல் தங்கை வீட்டுக்குள் நுழைந்தபோது டொக் டொக் என்று சத்தம். நட்டு சமையலறைக் கதவின் கீலை முடுக்கிக்கொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து அங்கேதானாம். குழாய், ஜன்னல் கொக்கி, மேசைக் கால், குக்கர் கைப்பிடி. முடுக்கிய ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்புக் கோடு. வீடே சோதனைக்குத் தயாரான வண்டிபோல நின்றது.

"முதலாளி, இந்தக் கீல் உங்க கடைச் சரக்கா?"

"ஆமா. ஏன்?"

"ஆணி ஒண்ணு குட்டையா இருக்கு."

"தங்கச்சி வீடுன்னா அப்படித்தான் போடுவேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என்னை ஒரு வாடிக்கையாளரைப்போலப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

தங்கை என்னைப் பின்பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள். மடிக்காத துணிகள் கட்டில் நிறைய. ஒரு சட்டையை எடுத்து மடித்தாள், அது அவர் சட்டை. மடித்து, நான் சொல்லப்போவது தெரிந்தவளாகக் காத்திருந்தாள்.

"கண்ணாடிக்காரர் வாயைத் திறக்க மாட்டார்" என்றேன். "நட்டு தானே வலிய வந்து சொல்லியாச்சு. நீ ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம். நேரா வந்தார், அவ்வளவுதான் கேட்டேன்னு சொல்லு. அதுகூட வேண்டாம். சரியா கேக்கலன்னு சொல்லு. ரேடியோ இரைச்சல்னு சொல்லு. வங்கிக் கடன் அடையும், வீடு நிக்கும். நட்டுக்கு நம்ம கடையில ஒரு வேலை போட்டுக் குடுக்கலாம், வாழ்நாள் முழுக்க."

"ஆணி நிறுக்கவா?"

"வேற என்னம்மா செய்யச் சொல்றே? போனவர் போயாச்சு."

"அண்ணே, நான் ரேடியோவுல காத்து திரும்பிடுச்சுன்னு சொன்னேன்." இன்னொரு சட்டையை எடுத்தாள். "கொட்டகை வாசல்ல காத்து பார்க்கற துணிக்குழாய் தொங்குதே, அது அந்தப் பக்கம் சாஞ்சுடுச்சு. பார்த்துட்டு, 'காத்து மாறிடுச்சு, நேரா இறங்குங்க'ன்னேன். 'இவரு மாடியைப் பார்க்கணுமாம், ஒண்ணே ஒண்ணு கொசுறு'ன்னார். 'எங்க அண்ணன்கூட இவ்வளவு அள்ளிப் போட மாட்டாரு'ன்னு சொல்லிச் சிரிச்சேன். அவரும் சிரிச்சார். அப்புறம் ஐயோன்னு ஒரு சத்தம். அது அவரா, கண்ணாடிக்காரரான்னு தெரியல."

சொல்லும்போது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. டிக்கெட் விலை சொல்கிறவள் குரல்.

"இது உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்?" என்றேன்.

"ம்."

"அப்ப இதோட இருக்கட்டும்."

"அவர் தப்பு பண்ணினார்னு ஊர் சொல்லும், அதுதான் எனக்கு உறுத்துது. பணம்கூட அப்புறம். பெரிய ஓட்டுநர், காத்தைக்கூடப் பார்க்கத் தெரியலன்னு சொல்லுவாங்க. அவரால திருப்பிப் பேசக்கூட முடியாது." சட்டையின் கழுத்தைச் சரிசெய்தாள். "அதை யோசிச்சு யோசிச்சுத்தான் அன்னைக்கு அந்தம்மாகிட்ட வாயை மூடிக்கிட்டேன். அப்புறம் இவர் காலையில வந்து குழாயை முடுக்கறார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். சோத்துல கை வச்சுட்டு, 'தங்கச்சி, உங்க தாலியை அறுத்தது நான்'ங்கறார். நான் பதில் சொல்லாம ரசம் ஊத்தினேன். அண்ணே, நான் ரசம் ஊத்தினேன்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன், தடுக்கவா கேட்கவா என்று தெரியாமல்.

"அண்ணே, அதைக் கீழ வைங்க" என்றாள் நட்டுவிடம். அவர் திருப்புளியை வைக்கவில்லை. "அவர் நேரா வரல. கண்ணாடிக்காரர் மாடி மேல திரும்பினார். காத்து முதுகுல இருந்தது. நான் சொல்லியும் திரும்பினார். உங்க நட்டு இல்ல."

நட்டு அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றீங்க."

"தேத்தறதுக்கு எனக்கு ஏது தெம்பு?"

"ஆனா அந்த உள்பக்கத்து நட்டு..."

"அது கழண்டிருந்தாலும் இருந்திருக்கலாம். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிஞ்சது இதுதான். அதை வியாழக்கிழமை எழுதிக் குடுத்துடுவேன்."

"சரிங்க" என்றார். பிறகு கீல் வேலை பாதியில் நிற்கிறது என்பதுபோலத் திரும்பி, மிச்சமிருந்த இரண்டு திருகாணியையும் முடுக்கினார். கோடு போட்டார். பிரஷைக் கழுவினார். முகத்தில் நிம்மதி மாதிரி எதையும் நான் பார்க்கவில்லை. தண்ணீர் குடிக்காமலே போனார்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். ஜலதோஷம் தொண்டைக்கு இறங்கியிருந்தது. தங்கை சொல்லச் சொல்ல எழுதினார். கொசுறு என்ற வார்த்தை வந்ததும் பேனாவை நிறுத்தினார். "இதை எப்படி எழுதறது?" என்று கேட்டார். "கூடுதலா ஒரு சுத்து, இலவசம்" என்றேன். அப்படியே எழுதினார். இது எப்போதாவது நடந்ததா, எப்போதுமா என்று கேட்டார். "எப்பவும்" என்றாள் தங்கை. கையெழுத்து வாங்கும்போது ஒரு நிமிடம் நின்று, "இனிமே இந்த வண்டி ஓட்டறவங்களுக்கு நாங்க அனுப்பற எச்சரிக்கைல இது போகும். பேர் வராது" என்றார்.

"பேர் வந்தாலும் பரவாயில்ல" என்றாள்.

செய்தி ஆஸ்பத்திரிக்குப் போனது. அன்று மாலையே கண்ணாடிக்காரருக்கு ஞாபகம் திரும்பிவிட்டது. சுற்று நிஜம்தானாம். ஆனால் தான் கேட்கவேயில்லையாம், மாப்பிள்ளைதான் தானாகக் கொடுத்தாராம். இருக்கலாம். இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். ஒருவர் கேட்காமல் இருக்க மாட்டார், மற்றவர் கேட்கும்வரை காத்திருக்க மாட்டார்.

காப்பீட்டுக்காரர்களின் அனுதாபக் கடிதம் வந்த அன்று, தங்கை என்னை உட்காரவைத்து, "மொத்தமா எங்கே நிக்கறோம்னு சொல்லு" என்றாள். சொன்னேன். கடனில் வாங்கிய வண்டி போயிற்று, கடன் போகவில்லை. வீட்டை விற்றால் வங்கிக்குப் பெரும்பகுதி தீரும், தீராதது என் பேருக்கு மாறும். முன்பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, மீதிப் பாதிக்குக் கொடுத்தாயிற்று. கொட்டகை வாடகை தீர்ந்தது. நட்டுக்கு லைசென்ஸ் போகவில்லை, வேறு மைதானத்தில் வேலை கேட்டிருக்கிறார், இன்னும் பதில் இல்லை.

"அவருக்குப் போன மாசச் சம்பளம்?"

"பாக்கி."

"எழுது."

எழுதினேன். கூட்டினேன். வரவில் ஒன்றும் இல்லை. செலவில் இடம் போதவில்லை, தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுத வேண்டியிருந்தது. கடைசியில் நிற்கும் தொகைக்கு எதிரே எங்கள் இரண்டு பேர் பெயரையும் போட்டேன்.